ரொப்பொங்கி மோரி டவர்: 53வது மாடி மியூசியம் போனவங்க அனுபவத்த சொல்லுங்க

நிஷிகசாய்வாசி:
டோக்கியோவுக்கு ஆன்சைட் வேலைக்கு வந்த நம்மாளுங்க முக்காவாசி பேரு ரொப்பொங்கி ஹில்ஸ்ங்கற கட்டட வளாகத்துக்கு போயிருப்பீங்க. ஆனா கீழ நிக்குற அந்த ராட்சச சிலந்தி சிலைகிட்ட ஒரு போட்டோ புடிச்சுட்டு அப்படியே ராமென் நூடுல்ஸ் கடையத் தேடி போயிருப்பீங்க. மேல ஏறினவங்க இருந்தா எழுதுங்க, நானே ஆரம்பிக்கிறேன்.

அங்க இருக்குற மோரி டவர் 54 மாடி, 238 மீட்டர், 2003ல திறந்தது. உள்ள முழுக்க ஆபீஸ்தான், கூகுளோட ஜப்பான் ஆபீஸே 2019ல ஷிபுயா போற வரைக்கும் இங்கதான் இருந்துச்சு. ஆனா 53வது மாடி மோரி ஆர்ட் மியூசியம். கட்டினவரு மினோரு மோரி, பக்கா ரியல் எஸ்டேட்காரரு (2012ல காலமாயிட்டாரு), வாடகை கொட்டுற மாடிய கலைக்குன்னு ஒதுக்கியிருக்காரு பாருங்க. நம்ம ஊரு பில்டரா இருந்தா அஸ்திவாரம் தோண்டும்போதே அந்த மாடிய பென்ட்ஹவுஸ்னு வித்து முடிச்சிருப்பாரு.

எனக்கு புடிச்சது அதுகூட இல்ல, டைமிங். மத்த மியூசியம் முக்காவாசி சாயங்காலம் அஞ்சு ஆறு மணிக்கு கதவ சாத்திடும், நமக்கு அப்பதான் கிளையண்ட் கால் சூடு புடிக்கும். இது ராத்திரி 10 மணி வரைக்கும். வேலை முடிஞ்சு அப்படியே போனேன். ஆபீஸ் லாபிக்குள்ள நுழையவே வேணாம், வெளிய கண்ணாடில கூம்பு மாதிரி தனி வாசல், அதுல சுத்தி ஏறி பாலம் தாண்டினா டிக்கெட், அங்கேருந்து லிப்ட் ஒரே தம்ல 52க்கு, காது ரெண்டும் அடைச்சுக்குது.

உள்ள பாத்தா பாதி கூட்டம் கோட்டு சூட்டு. ஒருத்தரு டைய தளத்தி விட்டுட்டு ஒரு வீடியோ முன்னாடி நின்னாரு பாருங்க, நான் அந்த ஹால் மொத்தமும் சுத்திட்டு வந்தும் மனுஷன் அதே எடத்துல. இன்னொரு பொண்ணு நோட்டுல பால்பாயிண்ட் பேனாவால ஏதோ எழுத ஆரம்பிச்சுது, மூலைல முழங்கால்ல சின்ன போர்வை போட்டு உக்காந்திருந்த காவலம்மா சத்தமே இல்லாம வந்து, ரெண்டு கையாலயும் ஒரு பென்சில நீட்டி தலைய குனிஞ்சாங்க. திட்டுமில்ல, முறைப்புமில்ல. படைப்பு மேல மை பட்டுடக் கூடாதுன்னு பேனாவுக்கு தடையாம். எல்லாமே எனக்கு புரிஞ்சுதுன்னு அளக்க மாட்டேன், சிலது சத்தியமா ஒண்ணும் வெளங்கல. ஆனா ராத்திரி ஒன்பது மணிக்கு ஆபீஸ் ஜனம் பாருக்கு போகாம இங்க வந்து நிக்குதுன்னா, அந்த மாடிய வாடகைக்கு விடாதது சரிதான்னு தோணுச்சு.

திருப்பூர்_பையன்:
நான் போனது 2017ல, நம்ம மைசூர்க்காரர் என்.எஸ்.ஹர்ஷாவோட தனிக் கண்காட்சி. ஒரு ஹால்ல மிதி தையல் மிஷினா அடுக்கி வச்சிருந்தாங்க, 193, ஐநா சபைல இருக்குற நாடு ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு. ஒவ்வொரு மிஷின்லயும் ஒரு கொடி துணி, மிஷினுக்கு மிஷின் நூலு தாறுமாறா ஓடி சிக்கிக் கெடக்கு. ஜப்பான்காரங்க தள்ளி நின்னு கொடிய தேடிட்டு இருக்காங்க, எனக்கு கண்ணு வீல்லயும் பெடல்லயும்தான் போகுது. அம்மா பீஸ் ரேட்டுக்கு தெச்சு வளத்த பையன் நான், நூலு அப்படி சிக்கினா எத்தன நேரம் போகும்னு எனக்கு தெரியும். கூட வந்த ஜப்பான் நண்பர்கிட்ட பாபின் எங்க இருக்கும், எப்படி மாத்தணும்னு வெளக்க ஆரம்பிச்சுட்டேன், அவரு அத கலை விமர்சனம்னு நெனச்சு மரியாதையா தலையாட்டிட்டே வந்தாரு 😂

அப்புறம் அந்த சிலந்திய சும்மா போட்டோக்குன்னு தள்ளிடாதீங்க நிஷிகசாய் அண்ணே. லூயிஸ் பூர்ஷ்வாங்கற சிற்பி அம்மா செஞ்சது, வெண்கலம், 10 மீட்டர் உசரம். அவங்க அம்மா சுவர்ல தொங்கவிடுற பழைய சித்திர நெசவுத் துணிய பழுது பாத்து நெய்யுற வேலை செஞ்சவங்க, அவங்கள நெனச்சுதான் சிலந்தி. வயித்துக்கு அடில போய் அண்ணாந்து பாருங்க, வலைக்குள்ள பளிங்கு முட்டை தெரியும்.

சும்மா_வந்தேன்:
கலையெல்லாம் நமக்கு தூரம்ங்க, 52ல சிட்டி வியூ பாத்தா போதும்னு வந்தவன். டோக்கியோ டவர் கைக்கு எட்டுற மாதிரி நிக்குது. கூட வந்தவங்க விடாம மேல இழுத்துட்டு போனாங்க, அப்ப அர்ஜென்டினா கலைஞர் லியாண்ட்ரோ எர்லிச்சோட கண்காட்சி (2017 கடைசில ஆரம்பிச்சு 2018 ஏப்ரல் வரைக்கும்). ஒரு கட்டட முகப்ப தரைல படுக்க போட்டு மேல சாய்வா பெரிய கண்ணாடி, நாம தரைல படுத்தா கண்ணாடில ஜன்னல புடிச்சு தொங்குற மாதிரி தெரியும். என் பொண்ணு எந்திரிக்கவே மாட்டேன்னுட்டா. அதுக்கு 6 லட்சம் பேருக்கு மேல வந்தாங்களாம். போட்டோ எடுக்கவும் விட்டாங்க, அப்ப ஜப்பான்ல இது அதிசயம். 2009ல சீனக் கலைஞர் அய் வெய்வெய் கண்காட்சிலதான் இவங்க அத ஆரம்பிச்சாங்களாம்.

புது_ஆன்சைட்:
அண்ணா, அவ்ளோ ஒசரத்துல இருக்கும்போது பூகம்பம் வந்தா? எனக்கு ஏழாவது மாடிலயே வயித்த கலக்குது.

நிஷிகசாய்வாசி:
ஆடும் தம்பி, ஆடத்தான் செய்யும், அதிர்வ உறிஞ்ச டேம்பர் வச்சுதான் கட்டியிருக்காங்க. கரண்டுகூட சொந்தம், அடில கேஸ்ல ஓடுற பவர் பிளாண்ட் இருக்கு. 2011 பூகம்பத்துக்கு அப்புறம் ஊரே கரண்டுக்கு தவிச்சப்ப இங்கேருந்து 4,000 கிலோவாட் டோக்கியோ மின்சார கம்பெனி டெப்கோவுக்கு குடுத்தாங்க. பயப்படாம போ. டோசாய் லைன் ரயில்ல கயபாச்சோ எறங்கி ஹிபியா லைன் மாறு, ரொப்பொங்கில 1சி வாசல். செவ்வாய்க்கிழமை மட்டும் வேணாம், அன்னிக்கு சாயங்காலம் அஞ்சுக்கே மூடிடுவாங்க. கண்காட்சி மாத்துற நாள்ல மியூசியமே இருக்காது, சைட்ல பாத்துட்டு கெளம்பு.