‘எ ஃபியூ’ என்றால் எத்தனை, ‘செவரல்’ என்றால் எத்தனை? அட்டவணை போடலாமா?

அளவுகோல்:
நான் தொழில்நுட்பக் கையேடுகளைத் தமிழாக்கும் குழு ஒன்றில் இருக்கிறேன். ஆங்கில மூலத்தில் ‘எ கப்பிள் ஆஃப்’, ‘எ ஃபியூ’, ‘செவரல்’ ஆகிய எது வந்தாலும் எங்கள் மொழிபெயர்ப்பாளர்கள் ‘சில’ என்றே எழுதிவிடுகிறார்கள். ‘அபவுட்’, ‘அப்ராக்சிமேட்லி’, ‘ரஃப்லி’, ‘நியர்லி’ ஆகிய நான்கும் ‘சுமார்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஓர் அட்டவணையை முன்மொழிகிறேன். ‘கப்பிள்’ என்றால் 2, ‘ஃபியூ’ என்றால் 3 முதல் 4, ‘செவரல்’ என்றால் 5 முதல் 7. ‘அப்ராக்சிமேட்லி’ என்றால் சொன்ன எண்ணிலிருந்து 5 விழுக்காடு கூடலாம் அல்லது குறையலாம். ‘அபவுட்’ என்றால் 10 விழுக்காடு. ‘ரஃப்லி’ என்றால் 20. இதில் ஆட்சேபம் உள்ளவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

சொல்லேர்:
எனக்கு ஆட்சேபம் உண்டு. உங்கள் அட்டவணையில் ‘ஃபியூ’ என்று ஒரே வரி இருக்கிறது. ஆங்கிலத்திலோ ‘ஃபியூ’ ஒரு சொல், ‘எ ஃபியூ’ வேறொரு சொல். கூட்டத்துக்கு ஐந்து பேர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வந்தவரைக்கும் சரி என்று நினைப்பவர் ‘எ ஃபியூ’ என்பார்; இவ்வளவுதானா என்று சலித்துக்கொள்பவர் ‘ஃபியூ’ என்பார். எண் மாறவில்லை, சொல்பவரின் மனம்தான் மாறியிருக்கிறது. தமிழில் ‘சிலர் வந்தார்கள்’ என்பதற்கும் ‘சிலரே வந்தார்கள்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். தமிழில் ஓர் ஏகாரம் காட்டும் வேறுபாட்டை ஆங்கிலத்தில் ‘எ’ என்ற ஓரெழுத்து காட்டுகிறது. அதே ‘எ ஃபியூ’வுக்கு முன்னால் ‘குவைட்’ சேர்ந்துவிட்டால் பொருள் ‘கணிசமானோர்’ என்று தலைகீழாகிவிடும். 3 முதல் 4 என்ற வரம்பு இவற்றில் எதற்குப் பொருந்தும்?

பிழைதிருத்தி:
ஒரு சான்று மட்டும் தருகிறேன். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், பேதுருவின் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரத்தில், நோவாவின் பேழையில் தப்பியவர்கள் ‘ஃபியூ’ என்றும், அதாவது எட்டுப் பேர் என்றும், எண்ணோடு சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது. அட்டவணைப்படி எட்டு என்பது ‘செவரல்’ எல்லையையும் தாண்டிவிடுகிறது.

அளவுகோல்:
நானூறு ஆண்டுப் பழமையான நடையை வைத்து இன்றைய கையேட்டுக்குத் தீர்ப்புச் சொல்வது பொருந்தாது.

சொற்களை எண்ணில்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. அது அளவைப் பற்றியதன்று, வாய்ப்பைப் பற்றியது. ஆயினும் நோய் ஒன்றுதான். 1951இல் யூகோஸ்லாவியா மீது படையெடுப்பு நிகழுமா என்று அமெரிக்க உளவுத்துறை தயாரித்த மதிப்பீட்டில், அதற்கு ‘சீரியஸ் பாசிபிலிட்டி’ இருப்பதாக எழுதினார்கள். அந்தப் பணியில் இருந்த ஷெர்மன் கென்ட் அதை நூற்றுக்கு 65 என்ற பொருளில் கருதியிருந்தார். உடன் பணியாற்றியவர்களிடம் விசாரித்தபோது, ஒருவர் 20 என்று நினைத்திருக்கிறார், இன்னொருவர் 80 என்று நினைத்திருக்கிறார். எல்லோரும் ஒரே வாசகத்துக்கு ஒப்புதல் தந்தவர்கள். அதன் பிறகுதான் கென்ட் சொற்களுக்கு எண் வரம்பு வகுத்து 1964இல் கட்டுரை எழுதினார். நான் கேட்பதும் அதைத்தான்.

சொல்லேர்:
நல்ல எடுத்துக்காட்டைக் கொண்டுவந்தீர்கள். அது எனக்கே அதிகம் உதவுகிறது. கென்டின் அட்டவணையில் ‘ஆல்மோஸ்ட் செர்ட்டன்’ என்பதற்கு எதிரே 93 விழுக்காடு என்று இருக்கிறது. அத்தோடு நிற்கவில்லை, ‘கிவ் ஆர் டேக் அபவுட்’ 6 விழுக்காடு என்று தொடர்கிறது. அதாவது, தோராயச் சொற்களை எண்ணுக்குள் அடைக்கவந்த அட்டவணையே தன் எல்லையைச் சொல்ல ‘அபவுட்’ என்ற சொல்லைத் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது. (கென்ட் தன் அலுவலகத்தில் இருந்த இரு தரப்பாரைக் ‘கவிஞர்கள்’ என்றும் ‘கணிதவியலாளர்கள்’ என்றும் பொருள்படப் பிரித்தார். இந்த இழையில் நான் எந்தப் பக்கம் என்பது இந்நேரம் தெரிந்திருக்கும்.)

உங்கள் 10 விழுக்காட்டுக்கு வருகிறேன். உடல் வெப்பம் ‘அபவுட்’ 37 டிகிரி செல்சியஸ் என்று ஒரு கையேடு சொன்னால், உங்கள் கணக்குப்படி 33.3 முதல் 40.7 வரை எதுவாகவும் இருக்கலாம். ஒரு முனையில் ஆபத்தான உடல் குளிர்ச்சி, மறு முனையில் கடும் காய்ச்சல். ஒரு கட்டடம் ‘அபவுட்’ 1500ஆம் ஆண்டில் எழுந்தது என்றால் அது 1350க்கும் 1650க்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் எழுந்திருக்கலாம் என்றாகும். எந்த வாசகரும் இப்படிப் புரிந்துகொள்வதில்லை. எவ்வளவு தளர்ச்சி இருக்கலாம் என்பதைச் சொல் தீர்மானிப்பதில்லை. அளக்கப்படும் பொருளும், எண் எவ்வளவு உருண்டையாக இருக்கிறது என்பதுமே தீர்மானிக்கின்றன. ‘அபவுட் 500’ இயல்பாக இருக்கிறது. ‘அபவுட் 497’ என்றால், இவ்வளவு துல்லியமாக எண்ணியவர் பிறகு ஏன் தயங்குகிறார் என்று தோன்றுகிறது.

உண்மையான வேறுபாடு திசையில் இருக்கிறது என்பது என் கருத்து. ‘அபவுட்’, ‘அரவுண்ட்’, ‘ரஃப்லி’ ஆகியவை எண்ணின் இரு பக்கமும் பார்க்கின்றன. நம் ‘ஏறத்தாழ’வும் அப்படித்தான், ஏறலாம், தாழலாம். ‘நியர்லி’, ‘ஆல்மோஸ்ட்’ இரண்டும் கீழிருந்து மேலே மட்டும் பார்க்கின்றன. ‘நியர்லி 500’ என்றால் 490 இருக்கலாம், 510 இருக்கவே முடியாது. அதைச் ‘சுமார் 500’ என்று எழுதும்போது மூலத்தில் இல்லாத ஒரு வாய்ப்பை வாசகருக்குத் தந்துவிடுகிறோம். ‘ஐந்நூற்றுக்குச் சற்றுக் குறைவு’ அல்லது ‘ஐந்நூற்றை நெருங்கிய’ என்று எழுதினால் பழுதில்லை. எண்ணுக்குப் பின்னால் ‘ஆட்’ ஒட்டிவரும் ‘ட்வென்டி ஆட்’ இதற்கு நேரெதிர்; அது இருபதுக்கு மேலே மட்டும் போகும். அதற்கு நம்மிடம் ‘இருபது சொச்சம்’ இருக்கிறது, பேச்சுநடை என்று தள்ளிவைத்திருக்கிறோம்.

தேன்சிட்டு:
‘நியர்லி’யும் ‘ஆல்மோஸ்ட்’டும் ஒன்று என்று சொல்லிவிட்டீர்கள். எண்களுக்கு முன்னால் சரி. மற்ற இடங்களில் அவை பிரிந்துவிடுகின்றன. ‘ஆல்மோஸ்ட் நோபடி’ என்பார்கள், ‘நியர்லி நோபடி’ என்பது காதில் இடறும். மாறாக, ‘வெரி நியர்லி’ உண்டு, ‘வெரி ஆல்மோஸ்ட்’ இல்லை.

சொல்லேர்:
ஒப்புக்கொள்கிறேன். ‘நாட் நியர்லி’ என்றால் எட்டவே இல்லை என்று பொருள்; அந்த இடத்திலும் ‘ஆல்மோஸ்ட்’ நிற்காது.

அளவுகோல்:
37 டிகிரி எடுத்துக்காட்டுக்கு என்னிடம் பதில் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். விழுக்காட்டு வரிகளை நீக்கிவிட்டு, நீங்கள் சொன்ன திசைப்படி மூன்று பிரிவாக மாற்றுகிறேன்: இருபுறம், கீழ்ப்புறம், மேற்புறம். ‘அப் டூ’வைக் கீழ்ப்புறத்தில்தானே சேர்க்க வேண்டும்?

சொல்லேர்:
திசை கீழ்தான், ஆனால் ‘நியர்லி’யோடு சேர்க்காதீர்கள். ‘நியர்லி 500’ ஐந்நூற்றின் அருகில் நிற்க வேண்டும். ‘அப் டூ 500’ என்றால் ஐந்நூறும் சேரும், ஐந்தும் சேரும். உச்சவரம்பைத் தவிர எதற்கும் அது உறுதி தரவில்லை. விளம்பரம் எழுதுபவர்களுக்கு அது பிடித்த சொல்லாக இருப்பதன் காரணமும் அதுவே. ‘அதிகபட்சம் 500 வரை’ என்று தனி வரியாக வையுங்கள்.

பிழைதிருத்தி:
‘அப்ராக்சிமேட்லி’ என்ன ஆயிற்று?

சொல்லேர்:
பொருளில் ‘அபவுட்’தான், உடை மட்டும் அலுவலக உடை. அறிக்கையில் ‘தோராயமாக’, மற்ற இடங்களில் ‘ஏறத்தாழ’. ‘சர்க்கா’ ஆண்டுகளுக்கு முன்னால் வருவது. ‘1500 வாக்கில்’ போதும்.

அளவுகோல்:
சரி. ஆனால் 2, 3–4, 5–7 என்ற வரிகளை முழுக்க விட்டுவிட மனம் வரவில்லை. ‘செவரல் டைம்ஸ் பொத்தானை அழுத்தவும்’ என்று மூலத்தில் இருந்தால், கருவியின் முன் நிற்பவர் எத்தனை முறை அழுத்துவார்? அவருக்கு மனநிலை வேண்டாம், எண் வேண்டும்.

சொல்லேர்:
அங்கே நீங்கள் சொல்வதே சரி. ஆனால் அந்த எண்ணை மொழிபெயர்ப்பாளர் அட்டவணையிலிருந்து எடுக்கக் கூடாது. கருவியைச் செய்தவரிடம் கேட்டு வாங்க வேண்டும். அவர் மனத்தில் மூன்று இருந்து நாம் ஐந்து என்று எழுதினால், தெளிவாகத் தவறு செய்தவர்கள் ஆவோம். கேட்க வழியில்லாதபோது ‘மூன்று நான்கு முறை’ என்று இணையெண்ணாக எழுதலாம். அதுவும் ஊகம்தான், ஆனால் ஊகம் என்று தன்னையே காட்டிக்கொள்ளும் தொடர்.

இன்னொன்று. ‘செவரல்’ என்பதன் பழைய பொருள் ‘தனித்தனியான’ என்பது. சட்ட வாசகத்தில் அந்தப் பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது: ‘ஜாயின்ட் அண்ட் செவரல்’ பொறுப்பு என்றால் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று பொருள். அங்கே எண்ணுக்கே இடமில்லை. உங்கள் அட்டவணையைக் கையில் வைத்திருப்பவர் கையேட்டின் கடைசியில் உள்ள உரிம ஒப்பந்தத்தை எப்படி மொழிபெயர்ப்பார்?

அளவுகோல்:
சற்றுமுன் திறந்து பார்த்தேன். ‘கூட்டாகவும் பலவாகவும்’ என்று இருக்கிறது. அட்டவணை வருவதற்கு முன்பே செய்த வேலை அது. இன்றைக்கே திருத்தச் சொல்கிறேன்.