மருந்தியல் ரெசிடென்சி: பரிந்துரைக் கடிதத்தை எப்போது திறப்பது?

வார்டு மருந்தாளர்:
அமெரிக்காவில் ஃபார்ம்.டி. என்னும் மருந்தாளர் பட்டம் முடித்து, முதலாண்டு ரெசிடென்சி என்னும் மருத்துவமனைப் பயிற்சிக்கு வருபவர்களின் தன்விவரம், நோக்கக் கடிதம், மதிப்பெண்கள், பரிந்துரைக் கடிதங்கள் அனைத்தையும் ஃபோர்காஸ் என்னும் விண்ணப்பத் தளத்தில் படித்துவிட்டே நாம் நேர்காணலுக்கு உட்காருகிறோம். அவர்கள் வாய் திறக்கும் முன்பே நம் மனம் பாதி முடிவெடுத்துவிடுகிறது. நேர்காணல் செய்பவர்களுக்கு இவை எதையும் காட்டாமல், எல்லாரிடமும் ஒரே நோயாளியைப் பற்றிக் கேட்டு, முன்கூட்டியே எழுதிவைத்த அளவுகோலின்படி மதிப்பிட வேண்டும் என்கிறேன்.

தேர்வுக் குழு உறுப்பினர்:
என்னால் இதை ஏற்க இயலவில்லை. அரை மணி நேர நேர்காணலில் சரளமாகப் பேசுபவர் வென்றுவிடுவார். வாரக்கணக்கில் வார்டில் கூடவே இருந்த பயிற்றுநர், “வீட்டில் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலில் விடுபட்ட மருந்தை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்தார்” என்று எழுதும் ஒற்றை வரி, கூச்சமுள்ள மாணவருக்கு நியாயம் செய்யும்.

வார்டு மருந்தாளர்:
அப்படியொரு வரி கிடைத்தால் நானும் நம்புவேன். ஆனால் எழுதுபவரை விண்ணப்பதாரரே தேர்ந்தெடுப்பதால், பெரும்பாலான கடிதங்களில் பெயரை மறைத்துவிட்டால் யாரைப் பற்றியது என்றே தெரியாது. சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு இரத்தத்தில் நாள்தோறும் ஏறிவரும் நோயாளிக்கு, வான்கோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். 2020 வழிகாட்டுதல் சொல்லும் 400 முதல் 600 வரையிலான ஏ.யூ.சி. (ஒரு நாளில் உடல் எதிர்கொள்ளும் மொத்த மருந்தளவின் கணக்கு) இலக்கை யாரும் மனப்பாடமாகச் சொல்லலாம். அதற்குக் குறைந்த மதிப்பெண் போதும். கிரியாட்டினினை வைத்துச் சிறுநீரகத் திறனைக் கணிக்கும் சூத்திரம் அந்த நிலையில் சிறுநீரகத்தை உள்ளதைவிட நலமாகக் காட்டும் என்று தயங்குகிறாரா, அடுத்த இரத்தப் பரிசோதனையை எப்போது கேட்கிறார், மருத்துவரிடம் எப்படி எடுத்துச் சொல்வார் என்பவற்றில்தான் சிந்தனை தெரியும். அதற்குச் சரளம் தேவையில்லை.

இறுதியாண்டு மாணவி:
எங்கள் கல்லூரியில் தேர்ச்சி, தேர்ச்சியின்மை என்ற இரண்டே உண்டு. சராசரி மதிப்பெண்ணே கிடையாது. முதல் வடிகட்டலை அந்த எண்ணை வைத்தே செய்தால், உங்கள் நல்ல கேள்வி எங்களை வந்தடையாது.

தேர்வுக் குழு உறுப்பினர்:
மாணவி சொல்வது சரி. எண்ணை மட்டும் வைத்து வடிகட்டுவதைக் கைவிடத்தான் வேண்டும். கலந்து பேசுவதற்கு முன் ஒவ்வொருவரும் தனித்தனியே மதிப்பெண் இடுவதையும் ஏற்கிறேன். ஆனால் விண்ணப்பதாரரையும் மருத்துவமனையையும் விருப்ப வரிசைப்படி இணைக்கும் மேட்ச் முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்துகிறது; இரண்டே இடங்கள் உள்ள மருத்துவமனையில் ஒரு தவறான தேர்வின் சுமை ஓராண்டு முழுவதும் நோயாளிகள்மீதுதான் விழும். ஆகவே கடிதங்களை மதிப்பெண் இட்ட பிறகாவது திறக்க வேண்டும். மேலும், மேட்ச்சின் முதல் கட்டத்தில் நிரம்பாத இடங்களுக்கு இரண்டாம் கட்டத்தில் சில வாரங்களே கிடைக்கும்போது இத்தனையும் நடக்குமா?

வார்டு மருந்தாளர்:
அவசரத்தில்தான் பழக்கமான கல்லூரிப் பெயரைப் பிடித்துக்கொள்கிறோம், ஆகவே அங்கேதான் இது மிகவும் தேவை. அளவுகோல் முன்பே தயாராக இருக்கும். நோயாளியின் விவரத்தை மாற்றினால் போதும். கடிதங்களைப் பிறகு திறப்பதற்குச் சம்மதம். ஆனால் திறந்தபின் யாராவது மதிப்பெண்ணை மாற்றினால், எந்த வரிக்காக மாற்றினார் என்பதைக் கையெழுத்திட்டு எழுதிவைக்க வேண்டும்.