1099-என்.இ.சி. படிவத்தின் முதல் கட்டம்: தமிழில் என்ன பெயர்?

நண்பர்களே,
அமெரிக்காவில் சிறுதொழில் நடத்தும் தமிழருக்காக ஒரு கையேடு எழுதுகிறேன். 2025இல் தொழிலுக்காக, ஊழியர் அல்லாத ஒருவரிடம் வேலை வாங்கி 600 டாலரோ அதற்கு மேலோ கொடுத்திருந்தால், அதைக் காட்டும் இந்த வரிப் படிவத்தை வரித்துறைக்கும் அவருக்கும் அனுப்ப வேண்டும். 2026 ஜனவரி 31 சனிக்கிழமை என்பதால் கெடு பிப்ரவரி 2. முதல் கட்டத்தின் பெயர் 'நான்-எம்ப்ளாயி காம்பென்சேஷன்'. 'ஊழியரல்லாதார் ஊதியம்' என்று எழுதினேன். படித்துப் பார்த்த கடைக்காரர் ஒருவர், "ஊதியம் என்றால் சம்பளம்தானே, அதற்கு டபிள்யூ-2 படிவமாச்சே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வேறு சொல் தாருங்கள்.

———

தம்பி, ஊதியத்தைக் கைவிடாதீர்கள். "ஈதல் இசைபட வாழ்தல் அதுவல்லது ஊதியம் இல்லை உயிர்க்கு" (231) என்ற குறளில் அது ஆதாயம். சம்பளம் என்ற பொருள் பின்னால் ஏறியது. ஊதுதல் என்றால் பருத்தல். முதல் பருத்து வருவது ஊதியம் என்பது என் கருத்து. அது வேண்டாம் என்றால் 'பணிக்கூலி'. "மெய்வருத்தக் கூலி தரும்" என்றவர் கூலியை இழிவாகவா சொன்னார்? சம்பளமோ சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்து பிறந்த சொல்...

———

> சம்பா நெல்லும் அளத்து உப்பும்

ஐயா, கேட்க இனிமையான கதைதான், ஆனால் வழிச்செலவுக்கான கட்டுசோற்றைக் குறிக்கும் 'சம்பல' என்ற வடசொல்லை ஒதுக்க முடியாது. இதை இன்னொரு இழையில் பேசுவோம்.

கணக்கு எழுதுபவளாகச் சொல்கிறேன். வலைத்தளம் அமைத்துக் கொடுத்தவருக்குக் 'கூலி' என்று காட்டினால் இன்று மனம் நோகும். 'சேவைக் கட்டணம்' எல்லோருக்கும் புரியும். அப்புறம், கையேட்டில் முதலில் வர வேண்டியது டபிள்யூ-9, அதாவது வேலை செய்பவர் தன் பெயரையும் வரி எண்ணையும் எழுதித் தரும் படிவம். பணம் கொடுக்கும் முன்பே அதை வாங்காவிட்டால் ஜனவரியில் அலைச்சல்தான். வரி எண் தர மறுப்பவரின் தொகையில் 24 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். அட்டை வழியே கொடுத்த தொகையை இங்கே காட்டக் கூடாது. அட்டை நிறுவனம் 1099-கே படிவத்தில் காட்டும்.

———

சேவைக் கட்டணம் என்றால் வங்கி பிடிக்கும் தொகை என்று எடுத்துக்கொள்வார்கள், அக்கா. தவிர, சேவை வடசொல். 'வெளியாள் பணித்தொகை' எப்படி? வேலை செய்தவர் நம் சம்பளப் பட்டியலில் இல்லை என்பது பெயரிலேயே தெரியும்.

———

எனக்குச் சம்மதம். டபிள்யூ-9 பக்கத்தை முன்னால் வைத்துவிடு.

———

சரி, மூன்று பேர் ஒப்புகிறோம்; நாளை அச்சுக்குப் போக வேண்டும். 2026இல் கொடுப்பவற்றுக்கு வரம்பு 2,000 டாலர் என்பதையும் அடிக்குறிப்பாகச் சேர்க்கிறேன்.

———

என் மறுப்பைப் பதிந்து வையுங்கள். பத்து ஆண்டுகளாக ஒரே கடைக்குக் கணக்கு எழுதுகிறவரை எந்த வாயால் வெளியாள் என்பது?