கவர்கரி: 'உயிரிக்கரி'க்கு மாற்றாக ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

உமி, கொட்டாங்கச்சி போன்றவற்றைச் சுட்டு, எரிப்பதற்கல்லாமல் மண்ணில் இடுவது போன்ற வேலைகளுக்காக எடுக்கும் கரிக்கு (biochar) 'உயிரிக்கரி' என்ற சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் போதவில்லை. டெல்டா உழவருக்கு 'உயிர்' என்று தொடங்கும் இடுபொருள் ஏற்கெனவே ஒன்று உண்டு: உயிர் உரம். அசோஸ்பைரில்லம் பொட்டலத்தை வெயிலில் வைக்கக் கூடாது, யூரியாவோடு கலக்கக் கூடாது, உள்ளே நுண்ணுயிர் இருக்கிறது என்று எங்கள் பாபநாசம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அவர்களிடம் உயிரிக்கரி என்றால் அதையும் நிழலில்தான் வைப்பார்கள். காற்றை மட்டுப்படுத்தி 350 முதல் 700 பாகை செல்சியஸ் வரை சுட்ட பொருளில் எந்த உயிர் மிஞ்சும்? 'உயிரி எரிவாயுவை உயிரிக்கரியால் தூய்மையாக்கல்' என்று ஒரு தலைப்பை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாக்கே தடுக்கி விழுகிறது.

இதே பொருளுக்கு 'மூட்டக்கரி' என்று நம் குழுவில் எழுதிய ஐயாவின் சொல் மண்வாசம் உள்ளது. ஆனால் அடுப்புக்கரியும், விறகை மூடிப் புகையவிடும் மூட்டத்தில்தான் பிறக்கிறது. இரண்டையும் பிரிப்பது செய்முறை அல்ல, பயன். ஒன்று எரிப்பதற்கு, மற்றது பிடித்து வைப்பதற்கு. 'அடுப்புக்கரி' என்று பயனை வைத்துப் பெயரிட்டவர்கள் காட்டிய வழியிலேயே நாமும் போகலாம்.

எதைப் பிடித்து வைக்கிறது? சாண எரிவாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன். மீதியில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு. கூடவே கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடு வருகிறது. அளவு சிறிதுதான், ஆனால் அழுகிய முட்டை வாடையும் அதுதான், உலோகத்தை அரிப்பதும் அதுதான். எங்கள் வீட்டுக் கலனோடு இணைத்த அடுப்பின் பர்னர் பொரிந்து உதிர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஈரமான உமிக்கரியை ஒரு டிரம்மில் அடைத்து வாயுவை அதன் வழியே விட்டால், அந்த நச்சு நுண்துளைகளின் பரப்பில் ஒட்டுகிறது, ஈரத்தில் கரைகிறது, சிறிதளவு ஆக்சிஜன் கிடைத்தால் கந்தகமாகவும் சல்பேட்டாகவும் மாறி அங்கேயே தங்குகிறது. கரியின் காரத்தன்மை இதற்குத் துணை. ஒட்டும் அந்த நிகழ்வைப் பாடநூல்கள் 'பரப்பு கவர்தல்' என்கின்றன.

ஆகவே 'கவர்கரி'. ஊறுகாய் போல வினைத்தொகை. டிரம்மில் புதிதாக நிரப்பியது கவரும் கரி, வேலை செய்துகொண்டிருப்பது கவர்கின்ற கரி, கந்தகம் ஏறி வயலுக்குப் போவது கவர்ந்த கரி. முக்காலமும் ஒரே சொல்லில் அடங்கியதைக் கண்டபோது எனக்கு உறக்கம் வரவில்லை. வயலிலும் அதற்கு அதே வேலைதான்: நீரையும் சத்தையும் பிடித்து வைப்பது. ஏறிய கந்தகமும் வீணில்லை, உளுந்துக்கும் நிலக்கடலைக்கும் வேண்டிய சத்து.

'பற்றுக்கரி'யையும் எண்ணிப் பார்த்தேன். பற்றுப் பாத்திரத்தின் நினைவு வருவதால் விட்டுவிட்டேன்.

கிளர்வூட்டிய கரியும் (activated carbon) கவர்வதுதானே என்று கேட்பீர்கள். ஆம், அது நீராவியாலோ வேதிப்பொருளாலோ துளைகளைப் பெருக்கிய கவர்கரி. அந்த உறவு பெயரில் தெரிவது நல்லதே. மூலப்பொருளை முன்னால் சேர்த்து உமிக் கவர்கரி, கொட்டாங்கச்சிக் கவர்கரி என்று வளர்த்துக்கொள்ளலாம். அரிசி ஆலைக் கொதிகலனில் உமி முழுக்க எரிந்தபின் மிஞ்சும் வெளிர்சாம்பலை மட்டும் இந்தப் பெயரால் அழைக்க வேண்டாம். அதில் பெரும்பகுதி சிலிக்கா.

எனக்கு ஓர் ஐயம் மட்டும் தீரவில்லை. பரப்பில் ஒட்டுவதோடு உள்ளே வேதிமாற்றமும் நடக்கும்போது, இரண்டுக்கும் சேர்த்துக் 'கவர்' என்ற வினை தாங்குமா? வேதியியல் கற்பிப்பவர்கள் எழுதுங்கள்.