தடுப்பூசி முடியாத நாய்க்குட்டியை வெளியே கொண்டுபோகலாமா?

பார்வோ_பயம்: 8 வாரக் குட்டியைத் தெருவுக்குக் கொண்டுபோகச் சொல்றவங்க, குட்டிகளைக் கொல்ற வைரஸ் நோயான பார்வோ பத்தி யோசிக்கிறீங்களா? நோய் வந்த நாயோட மலத்துலேருந்து கிருமி மண்ணுல மாசக்கணக்கா கிடக்கும். தாய்கிட்டேருந்து வந்த எதிர்ப்பு சக்தி ஊசியை வேலை செய்ய விடாது. அதனாலதான் 16 வாரம் வரைக்கும் 2–4 வார இடைவெளியில திரும்பத் திரும்பப் போடுறாங்க. அதுவரை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

வால்மணி: புதுசைப் பயப்படாம ஏத்துக்கிற வயசு 3லேருந்து 12–14 வாரம் வரைக்கும்தான் சார். நீங்க கதவைத் திறக்கும்போது அது தாண்டியிருக்கும். முதல் ஊசி போட்டு 7 நாள் ஆகி, பூச்சி மருந்தும் கொடுத்திருந்தா பயிற்சி வகுப்புக்கே அனுப்பலாம்னு அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கம் சொல்லுது.

பார்வோ_பயம்: நம்ம தெருவுல எத்தனை நாய் ஊசி போட்டது? அந்தக் கணக்கு இங்க செல்லாது.

வால்மணி: அதனாலதான் தரையில விடாதீங்கங்கிறேன். தூக்கிட்டே போங்க. பஸ் ஸ்டாப்புக்குச் சற்றுத் தள்ளி அஞ்சு நிமிஷம் நின்னாப் போதும். ஹெல்மெட், குடை, மிக்சி, குக்கர் விசில் எல்லாம் வீட்டுலயே இருக்கு, அதையெல்லாம் பழக்குங்க. ஊசி முடிஞ்ச, சாதுவான பெரிய நாய் ஒண்ணு வீட்டுக்கு வரட்டும்.

கன்னி_வளர்ப்பு: தம்பி, இதெல்லாம் டவுன் வேலை. வெடிச் சத்தம் கேக்குற இடத்துல கட்டிப்போடு, தானா தெளிஞ்சிடும்.

வால்மணி: தெளியாதுண்ணே. அசையாம நிக்கிறதைத் தெளிஞ்சிடுச்சுன்னு நினைச்சுக்கிறோம். வாலை இடுக்கிக்கிட்டு, பசியில்லாமலே உதட்டை நக்கிக்கிட்டு, வேகவெச்ச கோழியை மூக்குக்கிட்ட நீட்டினாலும் திரும்பாம நின்னா அது பயத்துல உறைஞ்சு நிக்குது. போன்ல வெடிச் சத்தத்தை ரொம்பச் சின்னதா வைங்க. காது ஒரு தடவை அசைஞ்சு, உடனே சாப்பாட்டுக்குத் திரும்பினா அதுதான் சரியான அளவு. முதல்ல சத்தம், அப்புறம்தான் கறி. மாத்திக் கொடுத்தா, கறியைப் பாத்தாலே அடுத்து வெடிதான்னு மிரள ஆரம்பிச்சிடும். சாப்பிடுறதை நிறுத்தினா சத்தத்தைக் குறைங்க.

கன்னி_வளர்ப்பு: போன் சத்தமும் அணுகுண்டும் ஒண்ணா? தரை அதிர்றது போன்ல வராதே.

வால்மணி: வராது, அது உண்மை. அடுத்து இரும்புத் தட்டைப் பக்கத்து அறையில போடுங்க, தகரக் கதவைத் தட்டுங்க. இப்படிப் பழக்கினாலும் தீபாவளிக்கு ஜன்னலைச் சாத்தி உள்ளேதான் வெச்சிருக்கணும்.

பார்வோ_பயம்: தூக்கிட்டுப் போறதை ஒத்துக்கிறேன். ஆனா நீங்க ஒரு இடத்தை விட்டுட்டீங்க: கால்நடை ஆஸ்பத்திரி. அங்க வர்றதே நோய்ப்பட்ட நாய்தான். மடியை விட்டு இறக்காதீங்க. எடை மெஷின்ல வைக்கிறதுக்கு முன்னாடி வீட்டுத் துண்டை விரிங்க, திரும்பி வந்ததும் அதைத் தனியா துவைங்க.