முதல் விமானப் பயணம்: காவேரிப்பட்டணத்திலிருந்து பிராங்க்பர்ட் செல்லும் எங்களுக்கு வழி சொல்லுங்கள்

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர், காவேரிப்பட்டணம்

அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரில் இருக்கும் எங்கள் மகளுக்கு ஜூன் மாதக் கடைசியில் பிரசவம் என்று நாள் குறித்திருக்கிறார்கள். எனக்கும் மனைவிக்கும் விசா கிடைத்துவிட்டது. பெங்களூரிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு நேர் விமானம். 12ஆம் தேதி அதிகாலை 3 மணிக்குப் புறப்படுகிறது. நாங்கள் இருவருமே இதுவரை விமானத்தில் ஏறியதில்லை.

மருமகன் அழைத்துப்போக வருவதாகத்தான் சொல்கிறார். ஆனால் மகளுக்கு முன்கூட்டியே வலி கண்டுவிட்டால் அவரால் மருத்துவமனையை விட்டு நகர முடியாது. அப்போது இறங்கிய இடத்திலிருந்து மகள் வீடு வரை நாங்களாகவே போய்ச் சேர வேண்டும். எனக்கு ஆங்கிலம் படிக்க வரும், பேசத் தயக்கம். மனைவிக்குத் தமிழும் கொஞ்சம் தெலுங்கும் மட்டுமே தெரியும். அங்கே அதிகாரிகள் என்னவெல்லாம் கேட்பார்கள்? மனைவி பிரசவ லேகியம், வீட்டு நெய், எங்கள் தோப்பு மல்கோவா என்று இப்போதே எடுத்துவைக்கத் தொடங்கிவிட்டார். இவற்றை அனுமதிப்பார்களா?

பதில் 1: டார்ம்ஸ்டாட்டில் வசிக்கும் தருமபுரிப் பெண்

ஐயா, வணக்கம். அம்மா எடுத்துவைப்பதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள், ஏனென்றால் அந்த மூன்றுமே இங்கே உள்ளே வர முடியாதவை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியையும் பால் பொருட்களையும் கொண்டுவரக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் அந்தத் தடைக்குள் அடங்கும், நெய் ஊற்றிக் கிண்டிய லேகியத்தையும் அந்தக் கணக்கில்தான் பார்ப்பார்கள். பழங்களுக்கு 2019 டிசம்பர் முதல் தாவர நலச் சான்றிதழ் கட்டாயம். வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஆகிய ஐந்துக்கு மட்டுமே விலக்கு உண்டு, மாம்பழத்துக்கு இல்லை. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதைவிடக் கொடுமை இருக்க முடியாது என்றாலும், பெட்டியைத் திறந்தால் மல்கோவா குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் அதே கதிதான்.

லேகியத்துக்கு வழி இருக்கிறது. சுக்கு, மிளகு, ஓமம், திப்பிலி எல்லாவற்றையும் வறுத்து அரைத்துத் தூளாகக் கட்டிக்கொண்டு வாருங்கள். இங்கே எந்தப் பெரிய கடையிலும் ‘புட்டர்ஷ்மால்ஸ்’ என்ற பெயரில் உருக்கிய வெண்ணெய் கிடைக்கும். அதை ஊற்றி அம்மா இங்கேயே கிண்டிக்கொள்ளலாம். ராகி மாவு, புளி, பருப்புப் பொடி ஆகியவற்றை எல்லோரும் கொண்டுவருகிறார்கள், சிக்கல் வந்ததில்லை.

குடிநுழைவு அதிகாரி கேட்பது பெரும்பாலும் மூன்றே கேள்விகள்: எதற்காக வந்தீர்கள், எத்தனை நாள் இருப்பீர்கள், எங்கே தங்குவீர்கள். மகளின் அழைப்புக் கடிதம், அவர்களது முகவரியும் தொலைபேசி எண்ணும், திரும்பும் விமானச் சீட்டு, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு, பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைத்திருங்கள். வரிசையில் நிற்கும்போதே அந்த உறை கையில் இருக்கட்டும். பேசத் தயங்கினாலும் அதை நீட்டினால் போதும். இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக முகத்தைப் படமெடுத்துக் கணினியில் பதிகிறார்கள். எனவே முத்திரை விழவில்லையே என்று பதற வேண்டாம். 180 நாளில் 90 நாள் என்பது பொது உச்சவரம்பு. உங்கள் விசாவில் அதைவிடக் குறைவான நாள் அச்சாகியிருந்தால் அதுதான் கணக்கு.

மருமகன் வர முடியாமல் போனால் ரயிலைத் தேடாதீர்கள். எஸ்-பான் என்னும் புறநகர் ரயில் பிராங்க்பர்ட் நகருக்குப் போகிறது. அங்கே இறங்கி, பெட்டிகளோடு நடைமேடை மாறி, டார்ம்ஸ்டாட் ரயிலைப் பிடிப்பது முதல் நாளிலேயே வேண்டாத வேலை. முதல் முனையத்துக்கு வெளியே ‘ஏர்லைனர்’ என்ற பேருந்து நிற்கும். அது நேராக டார்ம்ஸ்டாட் ரயில் நிலையத்தில், ஏறக்குறைய அரை மணி நேரத்தில் இறக்கிவிடும். என்றாவது ரயிலில் போக நேர்ந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: இங்கே நிலையத்துக்குள் நுழையத் தடுப்புக் கதவே கிடையாது, யாரும் தடுக்கவில்லையே என்று ஏறிவிட்டால், சீட்டில்லாமல் பிடிபடுபவருக்கு 60 யூரோ அபராதம்.

பதில் 2: பெற்றோரை அனுப்பிய ஓசூர்க்காரர்

ஐயா, முதலில் தேதியைக் கவனியுங்கள். 12ஆம் தேதி அதிகாலை 3 மணி என்றால் 11ஆம் தேதி மாலையே நீங்கள் காவேரிப்பட்டணத்தை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். 12ஆம் தேதி இரவு விமான நிலையத்துக்குப் போய் நின்றவர்களை நான் அறிவேன். எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு வழியாகப் போனால் மாலை நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள். அத்திப்பள்ளியில் திரும்பி, சர்ஜாபுரம், ஹொஸ்கோட்டே வழியாகத் தேவனஹள்ளி போகச் சொல்லுங்கள். ஓட்டுநரிடம் இரண்டாம் முனையம் என்றும் சொல்லிவிடுங்கள், வெளிநாட்டு விமானங்கள் 2023 செப்டம்பர் முதல் அங்கிருந்துதான் புறப்படுகின்றன.

இருவருக்கும் சக்கர நாற்காலி உதவி கேட்டுப் பதிவு செய்யுங்கள் என்பது என் யோசனை. பெங்களூரில் ஒருவர், பிராங்க்பர்ட்டில் ஒருவர் என்று கூடவே வந்து, குடிநுழைவு, பெட்டி எடுக்கும் இடம் எல்லாம் கடந்து வாசலில் விடுவார்கள். கட்டணம் இல்லை.

பதில் 3: பாலக்கோடு வாசகி

மேலே உள்ள அண்ணன் சொன்ன பாதை சரி, நாற்காலி யோசனை சரியில்லை. தோப்பில் நடமாடும் உடம்புள்ளவர்கள் வழி தெரியாது என்பதற்காக நாற்காலி கேட்பதால்தான், மூட்டுவலியோடு வரும் என் அத்தை போன்றவர்கள் விமானக் கதவருகே ஆள் வரும்வரை காத்துக் கிடக்கிறார்கள். ஐயாவுக்கு ஆங்கிலம் படிக்க வரும். விமானத்திலிருந்து இறங்கும் கூட்டம் போகும் திசையிலேயே நடந்து, பலகைகளைப் படித்தாலே போதும். மனைவிக்கு உண்மையிலேயே முடியாது என்றால் மட்டும் 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிவையுங்கள்.

சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் இருந்தால் மருத்துவச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இங்கேயே இயக்கிவிடுங்கள். அது தானாக இயங்காது.

கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. நாற்காலி கேட்கப்போவதில்லை, இருவரும் நன்றாகவே நடக்கிறோம். மல்கோவா செய்தியை மனைவியிடம் சொன்னேன், இன்னும் முகம் தெளியவில்லை. மாங்காய் ஊறுகாயாவது போகலாமா என்று கேட்கிறார்.

பதில் 1 எழுதியவர்:

தாராளமாகக் கொண்டுவரலாம் ஐயா. பதப்படுத்திய ஊறுகாய்க்குப் பச்சைப் பழத்தின் விதி பொருந்தாது. எண்ணெய் இருப்பதால் கைப்பையில் மட்டும் வைக்காதீர்கள், பெங்களூர் சோதனையிலேயே எடுத்துவிடுவார்கள். மூடியை இறுக்கிப் பிளாஸ்டிக் ஒட்டுநாடா சுற்றி, இரண்டு உறைக்குள் போட்டு, பெரிய பெட்டியின் நடுவில் துணிகளுக்கிடையே வையுங்கள். குழந்தைக்குக் கொண்டுவரும் பருத்தித் துணிகளை மட்டும் வேறு பெட்டியில் வைத்துவிடுங்கள்.