மின்கோர் எல்லாப் பக்கமும் ரேம்ல இருக்குன்னு சொல்லுது, ஆனா முதல் தேடல் இழுக்குது

தண்டையார்பேட்டை_சி:
எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுக்கான சர்வர். கேட்ல லாரி நிக்கும்போது கன்டெய்னர் நம்பரை அடிச்சா, 1 ஜிபி இண்டெக்ஸ் ஃபைல்ல தேடி உடனே பதில் வரணும். ஃபைலை ரீட்-ஒன்லியா எம்மேப் பண்ணி (மெமரி மாதிரி படிக்க முகவரியோட இணைச்சு), எந்தெந்தப் பக்கம் (4096 பைட் துண்டு) ரேம்ல இருக்குன்னு சொல்ற மின்கோர் சிஸ்டம் காலைக் கூப்பிடுறேன். பக்கத்துக்கு ஒண்ணுன்னு வர்ற 2,62,144 பைட்டும் 1, அதாவது எல்லாம் ரேம்ல இருக்காம். ரீபூட் ஆன கையோட பார்த்தாலும் அதே 1. ஆனா முதல் தேடல்ல டிஸ்க் லைட் விடாம எரியுது, மேஜர் ஃபால்ட் (பக்கம் ரேம்ல இல்லாம டிஸ்க்குக்குப் போற தடவை) ஏறிக்கிட்டே போகுது. உபுண்டு 22.04, கர்னல் 5.15. ஃபைல் ரூட்டோடது, பர்மிஷன் 644 (ஓனர் மட்டும் எழுதலாம், மத்தவங்க படிக்க மட்டும்). புரோகிராம் வேற யூசர்ல ஓடுது.

காசிமேடு_கர்னல்:
அந்தக் கடைசி வரிதான் காரணம். ஃபைல் உங்க யூசரோடதா இருக்கணும், இல்ல ரைட் பர்மிஷன் இருக்கணும். ரெண்டும் இல்லன்னா கர்னல் 5.2ல இருந்து மின்கோர் உண்மை நிலவரத்தைச் சொல்லாது. எர்ரரும் தராது, எல்லா பைட்டிலும் 1 நிரப்பி, வெற்றின்னு 0 ரிட்டர்ன் பண்ணிடும். முன்னாடி ரீட் பர்மிஷன் மட்டும் வெச்சுக்கிட்டே, மத்தவங்க எந்தப் பக்கத்தைத் தொடுறாங்கன்னு பேஜ் கேஷை (டிஸ்க்ல படிச்சதை கர்னல் ரேம்ல வெச்சிருக்கிற இடம்) வெச்சு வேவு பார்க்க முடிஞ்சுது. 2019ல அந்த ஓட்டையை அடைச்சாங்க. எர்ரரே வராததால இதுல ஏமாறாதவங்க கம்மி.

இதுக்காக புரோகிராமுக்கு ரைட் பர்மிஷன் கொடுத்துடாதீங்க. சோதனையை மட்டும் சூடோவில் (ரூட் உரிமையோட) ஓட்டுங்க. ஃபைல் எவ்வளவு ரேம்ல இருக்குன்னு காட்ட, யூட்டில்-லினக்ஸோட வர்ற ஃபின்கோர் கமாண்டே போதும். கேஷைக் காலி பண்ணிப் பார்க்கணும்னா முதல்ல புரோகிராமை நிறுத்துங்க, சிங்க் அடிங்க, அப்புறம் டிராப்-கேஷஸ்ங்கிற கர்னல் ஃபைல்ல 1 எழுதுங்க. புரோகிராம் ஓடிட்டே இருந்தா, அது மேப் பண்ணித் தொட்டு வெச்சிருக்கிற பக்கங்கள் வெளியே போகாது.

வியாசர்பாடி_ஸ்டாக்:
கோடையும் ஒரு தடவை பாருங்க. ஒவ்வொரு பைட்லயும் கடைசி பிட்டுக்கு மட்டும்தான் அர்த்தம் உண்டு. 1க்குச் சமமான்னு ஒப்பிடாம, 1ஓட ஆண்ட் போட்டுப் பாருங்க. பக்க அளவை 4096ன்னு கையால எழுதாதீங்க, சிஸ்கான்ஃப் ஃபங்ஷன் கிட்ட கேளுங்க. ராஸ்பெர்ரி பை 5ல வர்ற கர்னலுக்கு 16384; அங்க 1 ஜிபிக்கு 65,536 பைட்தான் நிரம்பும், உங்க கணக்கு மொத்தமும் தப்பிடும். தொடக்க முகவரி பக்க அளவோட மடங்கா இல்லன்னா ஈ-இன்வால் எர்ரர் வரும். ஈ-நோமெம் எர்ரர் வந்தா ரேம் தீர்ந்துடுச்சுன்னு நினைக்காதீங்க. கொடுத்த நீளத்துக்குள்ள மேப் ஆகாத இடம் இருக்குன்னு அர்த்தம்.

தண்டையார்பேட்டை_சி:
சூடோவில் ஓட்டினேன், ரீபூட்டுக்கு அப்புறம் எல்லாமே 0. நன்றிங்க. இப்ப தேடலுக்கு முன்னாடி மின்கோர்ல பார்த்து, 0 வந்த பக்கத்தை மட்டும் முன்கூட்டியே படிச்சு வெச்சா போதுமா?

காசிமேடு_கர்னல்:
போதாது. மின்கோர் சொல்றது அந்த நொடியோட நிலவரம். பதில் உங்க கைக்கு வர்றதுக்குள்ள கர்னல் பக்கத்தை எடுத்துடலாம். எம்மேப்ல மேப்-பாப்புலேட் ஃபிளாக் போட்டா முன்கூட்டியே படிச்சு வைக்கும், ஆனா ரேம் நெருக்கடி வந்தா அந்தப் பக்கங்களும் போயிடும். கேட்ல லாரி காத்திருக்கிற வேலைக்கு, பக்கங்களை ரேம்லயே பூட்டி வைக்கிற எம்லாக்தான் சரி. அது வெற்றியா திரும்பினா 1 ஜிபியும் ரேம்ல உக்காந்திருக்கும், அப்புறம் மின்கோரே வேண்டாம். சாதாரண யூசருக்கு எம்லாக் வரம்பு உண்டு, அதைத் தாண்டினா இங்கயும் ஈ-நோமெம்தான் வரும். சர்வீஸ் ஃபைல்ல அந்த வரம்பை வைக்கிற லிமிட்-மெம்லாக்கை 1 ஜிபிக்குக் கொஞ்சம் மேல வெச்சு, சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணுங்க.